வாசலில் வைத்துவிட்டுப் போகும் சாப்பாடு: மெக்டொவல் ரெசிடென்சி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்று ஒரு சின்ன ஊர். அதன் ஓரத்தில் 450 ஏக்கர் காட்டுக்குள், கலைஞர்கள் சில வாரம் தங்கித் தங்கள் வேலையைச் செய்ய இடம் கொடுக்கும் மெக்டொவல் ரெசிடென்சி இருக்கிறது. எழுதுகிறவர், வரைகிறவர், இசையமைக்கிறவர், படம் எடுக்கிறவர், நாடகக்காரர், கட்டடக் கலைஞர், இந்த வகை எதிலும் அடங்காதவர் என்று ஏழு துறைக்காரர்கள் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் தங்குவதற்கு அறை, வேலை செய்யத் தனிக் குடில், மூன்று வேளைச் சாப்பாடு. அதிகம் போனால் ஆறு வாரம். வாடகை இல்லை, சாப்பாட்டுக்குக் காசு இல்லை. கிளம்பும் நாளில் ‘என்ன எழுதினாய், எத்தனை பக்கம் வந்தது, காட்டு பார்ப்போம்’ என்று கேட்க ஆளும் இல்லை. என் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அங்கே தங்கியவள் இல்லை. எப்போதாவது ஒரு சிறுகதை எழுதுகிற, வீடும் வேலையும் உள்ள ஆள். வருஷம் முழுக்க வெளியாட்களை உள்ளே விடாத இந்த இடம், கோடையில் மெடல் டே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதவைத் திறக்கும். கட்டணம் இல்லை. அன்றைக்குப் போய்ப் பார்த்ததையும், அங்கே தங்கி வந்த ஒரு கவிஞர் சிநேகிதி சொன்னதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நாஷுவாவில். 101ஏ சாலையைப் பிடித்து மில்ஃபோர்டு, அங்கிருந்து 101. டெம்பிள் மலை ஏறி இறங்கினால் பீட்டர்பரோ வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூட வந்தது என் மாமியார். அவரை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், இந்த மதிப்புரையில் பாதி அவருடையது. அத்தை பாளையங்கோட்டையில் கல்லூரிப் பையன்களுக்கு வருஷக்கணக்கில் மெஸ் நடத்தியவர். கலை, இலக்கியம் என்றால் அவருக்கு ஒரு மரியாதை உண்டு, ஆனால் தூரத்திலிருந்து. ஓர் இடத்தில் எத்தனை பேருக்கு எப்படிச் சாப்பாடு போகிறது என்று வந்துவிட்டால் அவரை ஏமாற்ற முடியாது.

“எத்தன எல போடுதாவ?” என்றார் காரிலேயே.

முப்பத்திரண்டு குடில் இருக்கிறது அத்தை, ஏறக்குறைய அத்தனை பேர் என்றேன்.

“அவ்வளவுதானா? நான் ஒத்த ஆளா அதவிடக் கூடப் போட்டிருக்கேன். சரி, துட்டு எவ்வளவு?”

கிடையாது என்றதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்போ யாரு போடுதா?”

மெக்டொவலைப் பற்றிக் கேட்க வேண்டிய சரியான கேள்வி இதுதான். இதற்குப் பதில் சொல்ல நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

எட்வர்ட் மெக்டொவல் அமெரிக்க இசையமைப்பாளர். அவர் காலத்தில் அந்த நாட்டிலேயே பெரிய பெயர். 1896-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். அதே வருஷம் பீட்டர்பரோவில் ஒரு பண்ணை வாங்கினார்கள். நியூயார்க்கில் எட்டு மாதம் பாடம் நடத்திவிட்டுக் கோடையில் இங்கே வந்தால்தான் இசை வரும். பண்ணை வீட்டிலும் ஆள் வருவதும் போவதுமாக இருந்ததால், அவருடைய மனைவி மரியன் காட்டுக்குள் தள்ளி ஒரு மரக்குடில் கட்டிக் கொடுத்தார். காலையில் எட்வர்ட் அங்கே போய்விடுவார். மத்தியானம் மரியன் ஒரு கூடையில் சாப்பாடு கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பிவிடுவார். மெக்டொவலின் புகழ்பெற்ற கூடை வழக்கம் அங்கிருந்து தொடங்கியது. இன்றைக்கும் மத்தியான வேளையில் ஒரு வண்டி காட்டுப் பாதையில் போய் ஒவ்வொரு குடில் வாசலிலும் கூடையை வைக்கிறது. தட்டுவதில்லை, கூப்பிடுவதில்லை. சிநேகிதி சொன்னாள்: முதல் சில நாட்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிக் கதவைத் திறந்து நன்றி சொல்லப் பார்த்தாளாம். அப்புறம் சத்தமே காதில் விழவில்லையாம், கூடை வந்த விவரமே பசித்த பிறகுதான் தெரியுமாம்.

1904-இல் பல்கலைக்கழகத் தலைவரோடு தகராறாகி எட்வர்ட் வேலையை விட்டார். உடம்பும் மனமும் சீக்கிரமே தளர்ந்து, 1908 ஜனவரியில் போய்விட்டார். தன் இடத்தில் மற்றக் கலைஞர்களும் வந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் உயிரோடு இருந்தபோதே, 1907-இல், மரியன் அதைத் தொடங்கிவிட்டார். முதலில் வந்தவர்கள் அக்காள் தங்கை இருவர்: ஹெலன் மியர்ஸ் சிற்பி, மேரி மியர்ஸ் எழுத்தாளர். முதல் வருஷமே ஒரு துறைக்கு இரண்டு துறை. கலந்து வைப்பது பின்னால் யாரோ யோசித்துச் சேர்த்த அம்சம் இல்லை.

காசு? நண்பர்கள் திரட்டிய நிதி கொஞ்சம் இருந்தது, போதவில்லை. மரியன் நல்ல பியானோக் கலைஞர். ஜெர்மனியில் எட்வர்டிடமே படித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு மேடையை விட்டுவிட்டவர், கணவர் போனபின் ஊர் ஊராகப் போய் அவருடைய இசையை வாசித்து, இந்த இடத்தைப் பற்றிப் பேசி, கிடைத்த பணத்தைக் கொண்டுவந்து குடில் கட்டினார். ஒரு பருவம் இரண்டு பருவம் இல்லை, கிட்டத்தட்டக் கால் நூற்றாண்டு. நாடு முழுக்க இருந்த பெண்கள் சங்கங்களும் இசைச் சங்கங்களும்தான் அவருக்குக் கை கொடுத்தன. நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று எழுதியிருப்பதைப் போல, குடில்களின் பெயர்களிலேயே அந்தக் கணக்கு தெரிகிறது: சொரோசிஸ் என்று ஒன்று, நியூயார்க் பெண்கள் மன்றம் கொடுத்தது; டெல்டா ஓமிக்ரான் என்று இன்னொன்று, இசைச் சங்கம் கொடுத்தது. 1938-இல் பெரும்புயல் வந்து காட்டை அடித்துப் போட்டபோது மரியனுக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. அப்போதும் மறுபடி நிதி திரட்டக் கிளம்பினார்கள். 1956-இல், 98 வயதில் இறந்தார். இருவரும் புதைக்கப்பட்டிருப்பது அந்த வளாகத்திலேயே.

இதையெல்லாம் காரில் சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்டு முடித்துவிட்டு அத்தை சொன்னார்: “கூடைய வச்சவ பேரு வெளிய தெரியல. உள்ள இருந்தவரு பேரு ஊரே சொல்லுது.” இடத்தின் பெயர் இரண்டு பேருக்கும் பொதுதானே அத்தை என்றேன். “அது அவளுக்கு வாக்கப்பட்டு வந்த பேருல்லா” என்றார். வாதத்தில் அவரை வெல்வது கஷ்டம்.

மெடல் டேயின் முதல் பாதி கூடாரத்துக்குள் விழா. 1960-இலிருந்து ஒரு கலைஞருக்குப் பதக்கம் கொடுக்கிறார்கள். முதல் பதக்கம் நாடகாசிரியர் தார்ன்டன் வைல்டருக்கு. பிறகு இசையமைப்பாளர் ஏரன் கோப்லண்ட், கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட், ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் என்று பெரிய பட்டியல். நாவலாசிரியர் டோனி மாரிசன் வாங்கிய 2016-இல் நான் இந்தப் பக்கம் இல்லை, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது. மற்றபடி விழா, விழாதான். நன்றியுரைகள், அறிமுகத்துக்கு ஓர் அறிமுகம், வெயில். பேச்சு கேட்கும் ஆர்வம் இல்லாதவர்கள் மத்தியானத்துக்கு மேல் வந்தால் போதும்.

அதன் பிறகு குடில்களைத் திறந்துவிடுகிறார்கள், நாம் நடக்கத் தொடங்குகிறோம். உண்மையில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒரு குடிலிலிருந்து இன்னொரு குடில் கண்ணுக்குத் தெரியாது. அப்படித்தான் இடம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். சில கருங்கல், சில மரப்பலகை. ஓவியருக்குக் கொடுப்பதில் வடக்கு வெளிச்சம் விழும் உயரமான கண்ணாடி, இசையமைப்பாளருக்குக் கொடுப்பதில் பியானோ. எழுத்தாளர் குடில்தான் பார்க்கிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். மேசை, நாற்காலி, படுத்துக்கொள்ள ஒரு கட்டில், கணப்பு. அன்றைக்கு நாங்கள் நுழைந்த ஒரு நாடகாசிரியரின் குடிலில் அந்த மேசையையும் துடைத்து வைத்திருந்தார்கள். தாள் ஒன்றுகூட வெளியே இல்லை. வந்தவர்கள் என்ன பேசுவது என்று தெரியாமல் ஜன்னலைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக் குடிலில் இருந்த இளம் இசையமைப்பாளர் சமர்த்து. வந்த குழந்தைகளையெல்லாம் பியானோவில் ஆளுக்கு ஒரு கட்டையை அழுத்தச் சொல்லி, அதை வைத்தே ஏதோ வாசித்துக் காட்டினார். அனிமேஷன் செய்கிற பெண் ஒருத்தி, சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான பென்சில் படங்களைக் குத்தி வைத்திருந்தாள். எல்லாம் ஒரு கிழவர் செருப்பைக் கழற்றும் காட்சி. திரையில் ஓடினால் சில நொடிதான் இருக்குமாம்.

அவளிடம் அத்தைக்கு ஒரு கேள்வி இருந்தது. நான்தான் மொழிபெயர்த்தேன். “ராத்திரி இந்தக் காட்டுல ஒத்தையில இருக்க பயமா இல்லியாம்மா?” அவள் சிரித்துவிட்டு, வந்த புதிதில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து டார்ச் லைட்டோடு திரும்பும்போது தன் காலடிச் சத்தத்துக்கே பயந்ததாகச் சொன்னாள். இப்போது பயம் போய்விட்டது, ஊருக்குத் திரும்பி வாடகை வீட்டில் மூன்று பேரோடு ஒரு சமையல்கட்டைப் பங்கு போடுவதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றாள். இருபதுகளின் நடுவில் இருப்பாள். பகலில் ஏதோ கடையில் வேலையாம், வரைவது ராத்திரியில்தானாம். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என்னிடம் மட்டும், “ஒழுங்கா சாப்பிடச் சொல்லு” என்றார்.

ஒவ்வொரு குடிலிலும் சுவரில் மரப்பலகைகள் மாட்டியிருக்கின்றன. அங்கே தங்கியவர்கள் தங்கள் பெயரையும் வருஷத்தையும் அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும். ஒரு பலகை நிறைந்தால் அடுத்த பலகை. அங்கே இருப்பவர்கள் இதைக் கல்லறைக் கல் என்று கேலியாகச் சொல்கிறார்கள். பழைய பலகைகளில் மை மங்கி, மரமே கறுத்துப் போய், பாதிப் பெயர்களை ஊகித்துத்தான் படிக்க வேண்டும். இதுவரை எட்டாயிரம் பேருக்கு மேல் வந்து போயிருக்கிறார்கள். கவிஞர் எட்வின் ஆர்லிங்டன் ராபின்சன் 1911-இல் வந்தவர், கடைசி வரை கோடைதோறும் வந்துகொண்டே இருந்தார். வைல்டர் தன் ‘அவர் டவுன்’ நாடகத்துக்கு இங்கேதான் உழைத்தார். அதில் வரும் ஊருக்கு பீட்டர்பரோதான் மாதிரி என்று ஊர்க்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள், காப்பிக் கடைக்காரர் உட்பட. இசையமைப்பாளர் ஏமி பீச் 1921-இல் குடில் ஜன்னலுக்கு வெளியே பாடிக்கொண்டிருந்த ஹெர்மிட் த்ரஷ் பறவையின் குரலை அப்படியே ஸ்வரப்படுத்தி இரண்டு பியானோத் துண்டுகள் எழுதினார். இறக்கும்போது தன் இசையின் ராயல்டியை மெக்டொவலுக்கே எழுதி வைத்தார். அத்தையின் ‘யாரு போடுதா’வுக்கு இவரும் ஒரு பதில்.

வளரும் கலைஞர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தப் பலகைகளிலேயே இருக்கிறது. ஆலிஸ் வாக்கர் இங்கே 1967-இல் தேர்வானபோது அவருடைய முதல் நாவலே வெளிவரவில்லை, அது வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. ஜேம்ஸ் பால்ட்வின் 1954-இல் வந்தபோது கையில் ஒரே ஒரு நாவல்தான். வயது வரம்பு கிடையாது, பட்டம் கேட்பதில்லை, இத்தனை புத்தகம் போட்டிருக்க வேண்டும் என்ற கணக்கும் இல்லை. அந்தந்தத் துறைக் கலைஞர்கள் குழுவாக உட்கார்ந்து, அனுப்பிய மாதிரிப் படைப்பைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். வருஷத்துக்கு முந்நூறு பேர் வாக்கில் உள்ளே போகிறார்கள். பயணச் செலவுக்கும், வேலையை விட்டு வருவதால் போகும் வருமானத்துக்கும், தேவையைப் பார்த்து உதவித்தொகை உண்டு. என்னைப் பொறுத்தவரை இது கூடையைவிடப் பெரிய விஷயம். இலவசமாகத் தங்கலாம் என்றால் வசதியுள்ளவர்கள் வருவார்கள். வீட்டு வாடகையையும் பார்த்துக்கொள்கிறோம் என்றால்தான் அந்த அனிமேஷன் பெண் வர முடியும்.

இதன் அருமை எனக்குப் புரிந்ததற்குக் காரணம் வேறோர் அனுபவம். சில வருஷங்களுக்கு முன் இந்தியாவில் ஒரு மலையூரில் ரெசிடென்சி ஒன்றில் தங்கினேன். பெயர் வேண்டாம். தேர்வானதற்கு வாழ்த்துச் சொன்ன அதே மெயிலின் அடியில் பங்கேற்புக் கட்டணமும் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தன. தனி அறை என்று சொன்ன எழுத்தறை, காலைச் சாப்பாடு முடிந்ததும் துடைத்துவிடும் உணவு மேசைதான். ஈரம் காய்வதற்குள் நோட்டை விரிக்க வேண்டும். வாரா வாரம் பகிர்வு என்று ஒன்று, நாம் செய்துகொண்டிருப்பதைப் பற்றி மற்றவர்களுக்குப் பேச வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிப்பது மாதிரி போட்டோ எடுத்து அவர்கள் பக்கத்தில் போடுவார்கள், நாமும் பகிர வேண்டும். கடைசி நாள் காட்சிக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் வருவார்கள், அவர்களுக்குக் காட்ட ஏதாவது முடிந்திருக்க வேண்டும். எழுதப்போகும் கதையைப் பற்றி நான் அங்கே பேசியது கதையைவிட நீளம். கூட இருந்த சிற்பி ஒருவர் கடைசி வாரம் முழுக்கக் களிமண்ணைத் தொடவே இல்லை, அறிவிப்புப் பலகைக்கு ஆங்கிலத்தில் கலைஞர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

மெக்டொவலில் இதில் ஒன்றும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு விருப்பமுள்ளவர்கள் தங்கள் வேலையை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டலாம், போட்டுக் காட்டலாம். விருப்பமில்லாவிட்டால் சும்மா போய்ப் படுக்கலாம். அடுத்தவர் குடிலுக்கு அவர் அழைக்காமல் போகக்கூடாது என்பதைத் தவிரப் பெரிதாகச் சட்டம் எதுவும் இல்லை. சிநேகிதி அங்கே இருந்த வாரங்களில் பெரும்பகுதி எழுதவில்லையாம், தூங்கினாளாம். இரண்டு குழந்தைகளைப் பெற்று வேலைக்கும் போய்வந்த களைப்பு அங்கே போய்த்தான் இறங்கியிருக்கிறது. யாரும் கேட்கவில்லை. கூடை மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஊர் திரும்பி ஒரு வருஷம் கழித்துத்தான் அந்தக் கவிதைகள் வந்தன. காட்டு பார்ப்போம் என்று அன்றைக்கே கேட்டிருந்தால் அவளிடம் காட்ட ஒன்றும் இருந்திருக்காது.

வெவ்வேறு துறைக்காரர்களை ஒரே மேசையில் உட்காரவைப்பதைப் பற்றியும் அவள் ஒன்று சொன்னாள். கவிஞர்கள் மட்டும் கூடும் இடத்தில் யாருக்கு எந்தப் பரிசு, எந்தப் பதிப்பகம் என்றுதான் பேச்சு திரும்பும். இங்கே எதிரே இருக்கும் கட்டடக் கலைஞருக்கு இவளுடைய பதிப்பகத்தின் பெயரே தெரியாது. அதனால் வேலையைப் பற்றிப் பேசினார்கள். ஒரு வரி எங்கே முடிகிறது என்று எப்படி முடிவு செய்கிறாய் என்று அவர் கேட்டாராம். அப்படி ஒரு கேள்வியை அவளிடம் எந்தக் கவிஞரும் கேட்டதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஐந்துக்கு நாலரைதான் கொடுப்பேன். அரை மதிப்பெண் போன காரணம்: புதியவர்களுக்கும் பெயர் பெற்றவர்களுக்கும் ஒரே வரிசை. வேலையின் தரம் மட்டுமே அளவுகோல் என்பது கேட்க நியாயம்தான். ஆனால் முப்பது வருஷம் எழுதியவரின் இருபது பக்கமும் மூன்று வருஷம் எழுதியவரின் இருபது பக்கமும் ஒரே மேசைக்கு வரும்போது தராசு எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியும். புதியவர்களுக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி. இன்னொன்று, குழந்தைகளையோ துணையையோ அழைத்துப்போக முடியாது. தனிமைதான் அங்கே கொடுக்கப்படும் பொருள் என்பதால் அதைக் குறையாகச் சொல்வதும் சரியில்லை. இருந்தாலும், கைக்குழந்தைக்காரி ஆறு வாரத்தை எங்கிருந்து எடுப்பாள்? மரியன் வைத்த கூடை யாருக்காக வைக்கப்பட்டது என்பதை நினைத்தால், இந்தக் கேள்வி எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.

2020-இல் பெயரிலிருந்த ‘காலனி’யை எடுத்துவிட்டார்கள். இப்போது வெறும் மெக்டொவல். பழைய வழிகாட்டிப் பலகைகளையும் புத்தகங்களையும் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நம்மிடம் இப்படி ஒன்றும் இல்லையே என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு: முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது அவர்களுக்கு எந்த மரியனும் கச்சேரி செய்து பணம் கொண்டுவரவில்லை. மெழுகு தடவிச் சாயம் போடும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, தாங்களே மணலில் நிலம் வாங்கினார்கள். அது ஆறு வாரம் தங்கிப் போகும் இடமாக இல்லை, வாழ்ந்துகொண்டே வரையும் ஊராக ஆயிற்று. ஓவியக் கல்லூரி முடித்துப் புதிதாக வெளியே வருகிறவர்களுக்கு டெல்லி கிர்கியில் இருக்கும் கோஜ் என்ற கலை அமைப்பின் பியர்ஸ் ரெசிடென்சி நல்ல தொடக்கம். அது புதியவர்களுக்கென்றே ஏற்பட்டது, மெக்டொவலில் நான் குறை சொன்னதற்கு நேர் எதிர். எழுத்தாளர்களுக்கு 2008-இல் தொடங்கிய சங்கம் ஹவுஸ் ரெசிடென்சி இந்திய மொழிகளுக்கும் இடம் கொடுத்தது. தமிழில் எழுதுகிற ஒருவர் காசு கொடுக்காமல், வாரா வாரம் மேடை ஏறாமல், ஒரு மாதம் போய் உட்கார இடம் தமிழ்நாட்டிலேயே ஒன்று வேண்டும். நிலம் வைத்திருக்கும் பணக்காரர்களுக்கு நம்மிடம் பஞ்சம் இல்லை. கூடையை வைத்துவிட்டுத் தட்டாமல் போகிற மனசுக்குத்தான்.

சாப்பாட்டைப் பற்றி அத்தையின் தீர்ப்பையும் சொல்லிவிட வேண்டும். மெடல் டேயில் வருகிறவர்கள் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம், வீட்டிலிருந்தும் கட்டிக்கொண்டு போகலாம். நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். குடில்களுக்குப் போகும் கூடையில் என்ன இருக்கும் என்று அத்தை விடாமல் விசாரித்தார். தெர்மாஸில் சூப், சாண்ட்விச், பழம், பிஸ்கோத்து என்று ஒரு கலைஞர் சொன்னார். அத்தை அதை ஒரு சாப்பாடாகவே ஒப்புக்கொள்ளவில்லை. “பலகாரத்தக் குடுத்துட்டு சாப்பாடுன்னு சொல்லுதாவ. ஆனா நேரத்துக்கு வருது, சூடா வருது, காசு கேக்கல. அது போதும்” என்றார். பாத்திரம் யார் தேய்க்கிறார்கள் என்று கேட்டதற்கு, சமையல்கட்டுக்குச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும்தான் அவருக்கு நிம்மதி. “ஏளா, நீ எழுதப் போட்டுப் பாரு. பிள்ளைகளப் பாத்துக்கிட நான் இருக்கும்போதே போய்ட்டு வந்துரு” என்றும் சொன்னார். அவருடைய விசாவில் மிச்சமிருந்த காலத்துக்கும் மெக்டொவலின் பருவக் கணக்குக்கும் பொருந்தவில்லை என்பது வேறு விஷயம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நடக்க வசதியான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், பாதை எல்லாம் மண்ணும் சரளையும்தான். கொசுவுக்கும் உண்ணிக்கும் மருந்து தடவிக்கொள்ளாமல் போகாதீர்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துப்போனால் எல்லாக் குடிலையும் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் நான்கைந்தை நிதானமாகப் பாருங்கள். எட்வர்டின் பழைய மரக்குடிலைத் தவற விடாதீர்கள். நேரம் இருந்தால் ஊருக்குள் இறங்கி நூலகத்தை வெளியிலிருந்தாவது பாருங்கள். 1833-இல் மக்களின் வரிப்பணத்தில் தொடங்கிய இலவசப் பொது நூலகம் அது, அமெரிக்காவிலேயே அப்படி முதலாவது. டோட்ஸ்டூல் புத்தகக் கடையும் அந்த ஊரில்தான் இருக்கிறது.

விண்ணப்பிக்கிறவர்களுக்கு: வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கெடு. விண்ணப்பத்துக்கு மட்டும் 30 டாலர் கேட்கிறார்கள், அனுப்புவதற்கு முன் அவர்கள் தளத்தில் இன்றைய கட்டணத்தைச் சரிபாருங்கள். கோடைக்குத்தான் கூட்டம் முண்டியடிக்கும். பனியைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால் குளிர்காலத்துக்குப் போடுங்கள், குடில்களில் கணப்பு இருக்கிறது, அந்தக் காலத்தில் கொசுவும் இருக்காது.